கர்னலின் பல்வலி

ஹண்டர்டன், பண்ணை வீடு
அக்டோபர் 28, 1797

அன்புத் தங்கை லோயிஸுக்கு,

வண்டிக்காரர் கையில் ஒரு பன்றித்தொடை அனுப்பியிருக்கிறேன், புகையில் போட்டது. உன் விடுதியில் தங்கியிருக்கும் சட்டசபைக்காரர்களுக்கு அதை வெட்டி வைத்துத் தீர்த்துவிடாதே. அது உன் அத்தானுக்கு. அவருக்குக் கொழுப்பு ஓரம் பிடிக்கும், மெலிதாக வெட்ட வேண்டும். உனக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

“பல்லைப் புடுங்கிட்டு வந்துடறேன், நாலே நாள்தான்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பியவர். இன்றோடு இரண்டு வாரம் ஆகப்போகிறது. அவருக்கு எத்தனை பல், லோயிஸ்?

எனக்கு விஷயம் தெரியாமல் இல்லை. இந்த முறை செனட் பதவி காலியாகிறது. ஜனங்களா ஆள் பிடித்து அனுப்பப்போகிறார்கள்? ட்ரென்டனில் இரண்டு சபைகளின் உறுப்பினர்களும் ஒரே அறையில் கூடிப் பெயர் சொல்வார்கள், அதிகம் பேர் சொன்ன ஆள் பிலடெல்பியா போவார். அதுவரைக்கும் அவர்கள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் பதவி கேட்டு வந்தவர் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாது. கேட்கிற ஆளுக்குக் கொடுக்கவே மாட்டார்கள், பேராசைக்காரன் என்று பெயராகிவிடும். ஆகவே ஆளுக்கொரு சாக்கோடு வந்து இறங்குகிறார்கள். போன முறை ஒரு மகானுபாவர் கைக்கடியாரம் பழுதுபார்க்க வந்து ஒரு மாதம் இருந்தாராமே. எங்கள் வீட்டுக்காரருக்குப் பல்வலி. சரி, இருக்கட்டும்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. பதினெட்டு வருஷமாக என்னோடு இருக்கும் மனிதர். ஜெயித்தால் பிலடெல்பியாவில் பாதி வருஷம். என்னையும் கூட்டிப்போவதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. “ஒனக்கு அங்க என்ன இருக்கு ரோடா?” என்று கேட்டார். ஏன், அவருக்கு மட்டும் என்ன இருக்கிறது? அவர் ஊரில் இல்லாத இந்த இரண்டு வாரமே வீடு வீடாக இல்லை. கைவிட்டுப் போய்விடுவாரோ என்று பயமாக இருக்கிறது. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

எந்த அறையில் படுக்கிறார்? மேசையில் எங்கே உட்காருகிறார்? எழுது.

ரோடா


ட்ரென்டன்
நவம்பர் 1

அன்புள்ள அக்கா,

தொடை வந்து சேர்ந்தது. மெலிதாகவே வெட்டினேன். நானும் பதினோரு வருஷம் விடுதி நடத்திய மனிதருக்கு மனைவியாக இருந்தவள், கத்தி பிடிக்கத் தெரியும்.

நீ கேட்டதற்குப் பதில். மாடியில் தெருப்பக்க அறையில் படுக்கிறார். மேசையின் தலைப்பக்க நாற்காலியில் உட்காருகிறார். என் கிழவர் போனபிறகு அந்த நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. வந்த அன்றே இவர் போய் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் முன்னால் தட்டை வைத்தேன்.

பல்வலி நன்றாக வேலை செய்கிறது. உறுப்பினர்கள் காலை உணவுக்கு இறங்கி வருவதற்கு முன்னால் கிராம்பைத் தட்டி ஒரு சிறு பையில் போட்டு, தாடையோடு சேர்த்துக் கம்பளித் துணியால் கட்டிவிடுகிறேன். தானே கட்டிக்கொண்டால் கோணலாகப் போகிறது என்கிறார். உச்சந்தலையில் முடிச்சுப் போட வேண்டும். பார்த்தால் பாவமாக இருக்கும். “கர்னலுக்கு இன்னிக்கு எப்பிடி?” என்று எல்லோரும் கேட்கிறார்கள். “லோயிஸ் புண்ணியத்துல பரவாயில்லை” என்கிறார். யாருக்குமே நம்பிக்கை இல்லை, யாரும் சிரிப்பதும் இல்லை. அதுதான் மரியாதை.

ஒரே ஒருவர் மட்டும் நிஜமாகவே நம்புகிறார். உங்கள் பக்கத்து உறுப்பினர் ஈனோஸ் ப்ரூடன். பொய் என்று ஒன்று இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது போலிருக்கிறது. தன் பையிலிருந்து ஏதோ தைலம் எடுத்துக் கொடுத்தார். இரவில் முழங்காலில் நின்று அந்தப் பல்லுக்காக ஜெபம் செய்கிறார், சுவர் வழியாகக் கேட்கிறது.

எதிர்ப்பக்கம் டாக்டர் க்ரேன். அவர் ட்ரென்டன் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. காய்ச்சல்காரர்களைப் பார்த்துக்கொண்டு ஊரிலேயே இருக்கிறார். அது பல்வலியைவிடக் கெட்டிக்காரத்தனம். இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமம் என்கிறார்கள். ஒரு ஆள் அங்கே இங்கே சாய்ந்தால் போதும்.

என் செய்தி: போன மாதத் தேர்தலில் ஓட்டுப் போட்டேன். விதவை, என் பெயரில் வீடு இருக்கிறது, சட்டத்தில் இடம் உண்டு. என்னைப் பார்த்ததும் தேர்தல் அதிகாரி தொப்பியைக் கழற்றினார். எனக்கு ஒரு வாரம் அந்தச் சந்தோஷம் அடங்கவில்லை.

லோயிஸ்


ஹண்டர்டன்
நவம்பர் 5

லோயிஸ்,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். உச்சந்தலையில் முடிச்சுப் போடுகிறாயா நீ?

அவருக்கு என்ன கை இல்லையா? கண்ணாடி இல்லையா உன் வீட்டில்? என் கையால் ஒரு கழுத்துப்பட்டையைக்கூடக் கட்டவிட மாட்டார் தெரியுமா? “விடு விடு, நீ நெரிக்கிற” என்பார். கொழுந்தியாள் கட்டினால் மட்டும் இனிக்கிறதோ. கிழவரின் நாற்காலியில் வேறு உட்காரவைத்திருக்கிறாய். நான் இங்கே விடிவதற்குள் எழுந்து ஏழு பசுவிடம் பால் கறந்து, கை வெடித்துக் கிடக்கிறேன். நீ அங்கே கிராம்பு தட்டுகிறாய்.

நீ ஓட்டுப் போட்டதை இந்த நேரத்தில் எனக்கு எழுதவேண்டுமா? செனட்டராகப் போகிறவரின் மனைவி நான். எனக்கு ஒரு ஓட்டும் கிடையாது, ஒரு குச்சியும் என் பெயரில் கிடையாது. புருஷன் செத்தவளுக்கு எல்லாம் இருக்கிறது.

எழுதியது எழுதியதாகவே இருக்கட்டும், அடித்துத் திருத்தமாட்டேன்.

நேற்று ப்ரூடன் வீட்டம்மா டெம்பி வந்தாள். தயிர் கடையும் மத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் என் மூஞ்சியைப் பார்த்துவிட்டு, “என்னம்மா, கர்னலுக்குப் பல்லு இன்னும் சரியாகலையா? எங்க வீட்டுக்காரரு ரொம்ப வெசனப்பட்டு எழுதியிருக்காரு” என்றாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “பல்லா? யாருக்குடி பல்லு? அந்த வாய்ல ஒரு சொத்தைகூடக் கிடையாது. அக்ரூட்டைக் கடிச்சு ஒடைக்கிறவரு அவரு. எந்தங்கச்சி வீட்டுச் சோத்துக்காகப் போயி ஒக்காந்திருக்காரு!” என்று கொட்டிவிட்டேன். அழுதும்விட்டேன். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். நல்ல பெண். நாளைக்கு வெண்ணெய் ஏற்றிக்கொண்டு ட்ரென்டன் சந்தைக்கு வருகிறாளாம்.

அவரை வீட்டுக்கு அனுப்பு.

ரோடா


ட்ரென்டன்
நவம்பர் 7

அக்கா, உனக்குப் பைத்தியமா?

டெம்பி ப்ரூடனிடமா சொன்னாய்? ஈனோஸின் மனைவியிடமா? இந்த ஊர் முழுக்க எல்லோருக்கும் தெரிந்த பொய்தான் அது. தெரிந்திருக்கலாம், வாயால் சொல்லத்தான் கூடாது. அதிலும் அதை நிஜம் என்று நம்பிக்கொண்டிருக்கும் ஒரே மனிதரின் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாய். அவள் வண்டி நேற்றே கிளம்பியிருக்க வேண்டும். ஏதாவது காரணத்தால் இன்னும் கிளம்பாமல் இருந்தால் எப்படியாவது தடு. நாளை மறுநாள் இரண்டு சபைகளும் சேர்ந்து கூடுகின்றன.

அத்தானிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

இனி என் பங்குக்கு. உனக்கு மட்டும்தான் வயிறு எரியுமா? எனக்குப் பதினாறு வயதில், அறுவடை நாட்டியத்தில், ஆம்ப்ரோஸ் ரிட்லி யாரோடு ஆடினார்? மூன்று முறை என்னோடு. உன்னோடு ஒரு முறை, அதுவும் அப்பா பார்த்துக்கொண்டிருந்ததால். பிறகு ஒரு மாதம் கழித்து உன்னைப் பெண் கேட்டு வந்தார். ஆற்றோரப் புல்வெளி உன் பங்குக்கு என்று அப்பா வாய்தவறி எங்கேயோ சொல்லிவைத்திருந்தார். நான் உன் கல்யாணத்துக்குக் கேக் சுட்டேன். அதன்பிறகு எனக்கு வாய்த்தது அறுபது வயதுக் கிழவர், இருமல், விடுதிக் கணக்கு. பிள்ளையும் இல்லை.

ஆகவே கேட்டுக்கொள். ஆமாம், எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் ஒரு ஆண்பிள்ளை என் முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, “லோயிஸ், கட்டிவிடு” என்று முகத்தைத் தூக்கிக் காட்டுவது பிடித்திருக்கிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, நீ நினைக்கிற மாதிரி ஒரு மண்ணும் இல்லை. என் முகத்தை அவர் பார்த்ததே இல்லை அக்கா. என் தோளுக்கு மேலே கண்ணாடி இருக்கிறது, அதைத்தான் பார்ப்பார். “ரோமானியக் காலத்துச் செனட்டர் மாதிரி இருக்கேனா?” என்று கேட்டார் ஒருநாள். தலையில் முடிச்சோடு.

லோயிஸ்


ஹண்டர்டன்
நவம்பர் 8, காலை

லோயிஸ்,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. டெம்பி முந்தாநாளே போய்விட்டாள். ஆலை வரைக்கும் ஓடினேன், எதற்கு ஓடினேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆலைக்காரர் “என்னம்மா, வீட்ல தீயா?” என்று கேட்டார்.

அவர் தோற்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. திரும்பி வரவேண்டும் என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒன்றா? நீயே சொல். எனக்குப் புரியவில்லை. ஈனோஸை எப்படியாவது பிடி. டெம்பியிடம் நான் காய்ச்சலில் உளறினேன் என்று சொல். அவருக்கு நிஜமாகவே கடைவாயில் ஒரு பல் ஆடுகிறது என்று சொல். எதையாவது சொல்லடி.

நாட்டியத்தைப் பற்றி எழுதியிருக்கிறாய். மூன்று முறையா? இரண்டு என்றுதான் இதுவரை எனக்குத் தெரியும்.

ரோடா


ட்ரென்டன்
நவம்பர் 9, மாலை

அக்கா,

முடிந்துவிட்டது. அவர் இப்போதுதான் குதிரையில் கிளம்பினார். இந்தக் கடிதத்தைத் தபால் வண்டியில் போடுகிறேன், வழியில் அவர் இரவு தங்குவார், இது உன்னிடம் முன்னால் வந்துசேரும். படித்துவிட்டுத் தயாராக இரு.

ஈனோஸை நான் பிடிக்காமல் இல்லை. காலையில் கூழ் வைக்கும்போதே பேச்செடுத்தேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, “உங்க அக்கா காய்ச்சல்ல சொன்னாங்களா, நெசமாச் சொன்னாங்களா? ஒங்களால பொய் சொல்ல முடியாதுன்னு நெனைக்கிறேன்” என்றார். அந்த மனிதர் முகத்தைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? காபி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

அத்தான் வீட்டிலேயே இருந்தார். பதவிக்குப் பெயர் அடிபடுகிறவர் கூட்டத்துக்குப் போகக் கூடாதல்லவா. நான் போய்ச் சபை அறையில் பின்சுவரோரம் நின்றுகொண்டேன். ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட, ஒவ்வொருவரும் எழுந்து “ரிட்லி”, “க்ரேன்” என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். இரண்டும் சமமாகவே ஓடியது. ஈனோஸ் பெயர் வந்தபோது மீதி யாரும் இல்லை.

எழுந்தார். தொப்பியைக் கையில் வைத்துச் சுழற்றினார். அப்புறம் பேச ஆரம்பித்தார்.

“நான் கர்னல் ரிட்லிக்குத்தான் சொல்றதா இருந்தேன். எங்க பக்கத்துக்காரரு, சண்டையில நின்னவரு. பதவிக்காக வரலை, பல்வலிக்காக வந்திருக்காருன்னு சொன்னாங்க, நான் நம்பினேன். தினமும் ராத்திரி அந்தப் பல்லுக்காக முட்டி போட்டு ஜெபம் பண்ணேன். இப்போ அவரு சம்சாரமே என் வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்கு, அந்த வாய்ல ஒரு சொத்தைகூட இல்லை, அக்ரூட்டைக் கடிச்சு ஒடைக்கிறாருன்னு.”

எங்கேயோ ஒருவர் ‘க்ளுக்’ என்றார். ஈனோஸ் சிரிக்கவில்லை. “நான் ஆண்டவர்கிட்ட யாரோட பல்லைப் பத்திப் பேசிட்டிருந்தேன்?” என்று கேட்டார். அவர் கேட்டது கேள்விதான், அழாத குறையாகக் கேட்டார். அவ்வளவுதான், அறையே வெடித்தது. சபைத் தலைவர் மேசையைத் தட்டினார், அவரும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு தட்டினார். “செனட்ல அக்ரூட் ஒடைக்க ஆள் தேவைப்படுதா, பாருங்கய்யா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லாம் அடங்கியபிறகு ஈனோஸ் “க்ரேன்” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ஒரே ஒரு ஓட்டு, அக்கா.

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. அதைச் சொல்லிவிடுகிறேன். வெளியே வந்தபிறகுதான் உன் நினைவு வந்தது.

வீட்டுக்கு வந்தபோது அவர் தலைப்பக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். நடந்ததைச் சொன்னேன். தாடைத் துணியைத் தானே அவிழ்த்து மடித்து மேசையில் வைத்தார். “ரோடாவா சொன்னா?” என்றார். “எதுக்குச் சொன்னா?” என்றார். “அதை நீங்களே போயிக் கேளுங்க அத்தான்” என்றேன். நான் சொல்வது சரியாக இருக்காது.

உண்மையைச் சொல்வதா, காய்ச்சல் என்பதா, நீயே முடிவுசெய்துகொள். எதைச் சொன்னாலும் நான் மாற்றிப் பேசமாட்டேன். அவர் உன்னை அடிக்கிற ஆள் இல்லை என்று தெரியும். ஆனால் பேசாமல் இருந்துவிடுவார். அது உனக்கு எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரியும்.

உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஆனால் இன்று ராத்திரி உன்னை நினைத்தால் பாவமாகவும் இருக்கிறது.

லோயிஸ்


ஹண்டர்டன்
நவம்பர் 19

அன்புள்ள லோயிஸ்,

பத்து நாளாக எழுத முடியவில்லை. பன்றி அறுப்பு நடந்தது. அதோடு எனக்கு மனசும் ஒரு நிலையில் இல்லை.

உன் கடிதம் முன்னால் வந்தது. அவர் மதியம் வந்தார், மழையில் நனைந்து. குதிரையை அவிழ்த்தார். அடுப்படிக்கு வந்தார். நான் காய்ச்சல் கதையை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோய்விட்டது.

“ஏன் ரோடா?” என்றார்.

“பொறாமையில சொல்லிட்டேன்” என்றேன். சொல்லிவிட்டு நின்றேன். பதினெட்டு வருஷமும் அந்த அடுப்படியில் என்னோடு நின்றது போலிருந்தது. இத்தோடு இந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்க்கமாட்டார் என்று நினைத்தேன்.

“பொறாமையா? என்னை வெச்சா?”

“ஆமா.”

“லோயிஸை நெனச்சா?”

“ஆமா. அவ ஒங்க தலையில முடிச்சுப் போட்டாளாமே.”

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். அந்த முகத்தில் என்ன வந்தது தெரியுமா? சிரிப்பு, லோயிஸ்! மெல்ல மெல்ல வந்தது. “அவளும் ஏதாச்சும் சொன்னாளா? என்னைப் பத்தி?” என்று கேட்டார். ஈரச் சட்டைகூட மாற்றவில்லை. தாடையைத் தடவிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஆள் மாறிப்போனார். ஊரே சிரிக்கும், தலைகாட்டமாட்டார் என்று நான் பயந்தேன். மறுநாளே ஆலைக்குப் போய் அவராகவே சொல்லியிருக்கிறார்: “ரெண்டு பொம்பளைங்க போட்டிபோட்டதுல ஒரு செனட்டே கைவிட்டுப் போச்சுய்யா.” தேவாலய வாசலில் சொன்னார். இரும்படிக்கிற இடத்தில் சொன்னார். எல்லோரும் அவர் முதுகில் தட்டுகிறார்கள். ஈனோஸ் வந்து மன்னிப்புக் கேட்டார், அவரிடமும் கண்ணடித்துவிட்டு அதையே சொன்னார். பதவி கிடைத்திருந்தால்கூட இவ்வளவு நிமிர்ந்து நடந்திருப்பாரா என்பது சந்தேகம். இப்போது தினமும் என்னிடம், “ஒந்தங்கச்சிக்கு எழுதறப்போ கேளு, அவளுக்கும் அப்பிடி ஒரு நெனப்பு இருந்துச்சான்னு” என்கிறார். நான் கேட்கமாட்டேன். நீ பதில் எழுதினால் அவருக்கு வாசித்துக்காட்ட வேண்டிவரும்.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்வேன். இந்த ஆளை இழந்துவிடுவேன் என்றா நான் ராத்திரி ராத்திரியாகத் தூங்காமல் கிடந்தேன்?

நேற்று இறைச்சிக்கு உப்புத் தடவிக்கொண்டே உன் கடிதங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். கிராம்புப் பை வந்தபோது எரியவில்லை. நாட்டியம்கூட எரியவில்லை, மூன்று முறை ஆடினால் ஆடிவிட்டுப் போகிறார். அந்தத் தேர்தல் அதிகாரி உன்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினாரே, அங்கே எரிந்தது. நீ பாட்டுக்கு எழுந்து சபைக்குப் போய்ப் பின்சுவரோரம் நின்றாயே, யாரிடமும் கேட்காமல், அங்கே எரிந்தது. தெருப்பக்கம் ஜன்னல் வைத்த அறை உன் வீட்டில் சும்மா கிடக்கிறது. எனக்கு உன் மேல்தான் பொறாமை, லோயிஸ். அவர் ஒரு சாக்கு.

வியாழக்கிழமை தபால் வண்டியில் வருகிறேன். கிறிஸ்துமஸ் வரை இருப்பேன். வெண்ணெய் விற்ற காசு என்னிடம் இருக்கிறது, அறைக்கு வாடகை தருவேன். சட்டப்படி அது அவர் காசு என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும், நாம் இருவரும் அதை வாயால் சொல்லவேண்டாம். சண்டை பாக்கி இருந்தால் நேரில் போட்டுக்கொள்ளலாம், தாளில் போட்டால் எனக்குத் திருப்தியாக இல்லை.

அவரிடம் அனுமதி கேட்கவில்லை. போகிறேன் என்று சொன்னேன். மீசையை முறுக்காத குறையாக, “என்ன, இன்னும் பொறாமை அடங்கலையா?” என்றார். அடங்கவில்லை என்றேன். அதற்கப்புறம்தான் அவருக்கு உறைத்தது. “அப்போ பசுவெல்லாம்?” என்று கேட்டார்.

வாளி எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.

ரோடா